மழை மாதங்களில் வெளியில் நிற்கப்போகும் கார்: ஊருக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டியவை

நவம்பர் பிறந்தால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து மழை கொட்டத் தொடங்கும். பல வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், தமிழ்நாட்டில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் கிளம்புகிறவர்கள், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையோடு சில வாரம் தங்கப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பயணம். கார் மட்டும் வாசலில் நிற்கும். பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஒரு காருக்குத்தான் கூரை உண்டு. தோட்டத்து வீடுகளில் அதுவும் இல்லை. இரண்டாவது கார், பெரும்பாலும் மகனோ மகளோ வேலைக்குச் சேர்ந்து தவணையில் எடுத்த முதல் கார், மழையிலும் வெயிலிலும்தான் கிடக்கும். அந்த முதல் கார்க்காரர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை காரை வெளியில் விட்டுப் போகிறவர்களுக்கு இது போதும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்கள் தங்கள் குளிர்காலத்துக்காக எழுதியவை. அவர்கள் ஊருக்கு அவை சரி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும்; எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் இருந்தால் இரும்பையே பிளந்துவிடும். அதனால் உறைதடுப்புத் திரவம் ஊற்றுகிறார்கள். பனியைக் கரைக்கச் சாலையில் போடும் உப்பு அடித்தகட்டை அரிக்கும் என்பதால் அடிப்பாகத்தைக் கழுவுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரியின் வலு பாதியாகிவிடும் என்பதால் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலைகள் இல்லை. இங்கே கார் கெடுவது ஈரத்தால், வெக்கையால், இலைக்குப்பையால், எலியால். ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பட்டியலை அப்படியே பின்பற்றி, எலியைப் பற்றி யோசிக்காமல் போனவன் நான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இடம்

மற்ற எல்லாவற்றையும் விட இடத்துக்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். இடம் தவறிவிட்டால் மற்ற உழைப்பு எதுவும் காரைக் காப்பாற்றாது.

தண்ணீர் ஏறாத இடமா என்று முதலில் பாருங்கள். பழைய எஸ்டேட்டுகளின் அமைப்பைக் கவனித்திருப்பீர்கள்: துரை பங்களா மேட்டில் இருக்கும், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பள்ளத்தில் ஓடையை ஒட்டி இருக்கும். அந்த லயங்கள் இருந்த நிலத்தில்தான் இன்று பல தாமான்கள் எழுந்திருக்கின்றன. ‘இங்கே வெள்ளம் வந்ததில்லை’ என்று புதிதாகக் குடிவந்தவர் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டியிடம் கேளுங்கள். எந்த வாய்க்கால் பொங்கும், தண்ணீர் எந்தப் படிவரை ஏறும் என்று அவர் சொல்லிவிடுவார். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு வாசலில் நிறுத்திய கார்கள் கூரைவரை மூழ்கின. அது நகரம், நாம் சிறு ஊர் என்று தள்ளிவிட முடியாது. சிறு ஊரில் வடிகால் இன்னும் குறுகல்.

அடுத்தது மரம். நிழலுக்காக மரத்தடியில் விடுவது பகல் நேரத்துக்குச் சரி, இரண்டு மாதத்துக்குச் சரியல்ல. தென்னை, டுரியான் மரங்களின் அடியில் ஒருநாளும் வேண்டாம். அதற்கு விளக்கம் தேவையில்லை. ரப்பர் பால் வடிக்கும் பால்மரம் வேறு விதத்தில் தொல்லை கொடுக்கும். வெயில் ஏறும் நாளில் காய் வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும். ஜனவரி பிறந்து மழை குறைந்ததும் மரம் முழுக்க இலை உதிர்க்கும். வெள்ளைக்காரத் துரைமார் அந்த இலையுதிர்வுக்கு ஆங்கிலத்தில் குளிர்காலத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். குளிர் இல்லாத நாட்டில் எஸ்டேட்டுக்கு மட்டும் ஒரு குளிர்காலம்! அந்தச் சருகு எங்கே போய்ச் சேரும் என்பதில்தான் காரின் ஆபத்து இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில், மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சருகு அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கி, காற்றுக்குழாய் வழியாகக் காருக்குள் இறங்கும். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது கால்மிதி மிதந்துகொண்டிருக்கும். கதவின் அடி ஓரத்திலும் இப்படிப்பட்ட துளைகள் இருக்கின்றன. கூரைக் கண்ணாடி உள்ள கார் என்றால் அதன் நான்கு மூலைகளிலும் இருக்கும். புறப்படுமுன் இவற்றை ஈர்க்குச்சியால் மெல்லக் குத்திச் சுத்தம் செய்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை இது. நான் பார்த்தவரை பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மண்தரையும் புல்தரையும் வேண்டாம். ஈரம் அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், டயர் புதையும், புல் வளர்ந்து எலிக்கு மறைவாகும். சிமெண்டுத் தரையோ தார்த்தரையோ இல்லையென்றால் நான்கு சக்கரத்துக்கும் கீழே கனமான பலகை போடுங்கள். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வீடு என்றால் காற்று எந்தப் பக்கம் புகையைத் தள்ளுகிறது என்றும் பாருங்கள். கரித்தூள் மழையோடு படிந்து காய்ந்தால் வர்ணத்தை விட்டு இலேசில் போகாது.

கழுவுங்கள், பிறகு காயவிடுங்கள்

பறவை எச்சம், மரப்பிசின், செம்மண் ஆகியவை இரண்டு மாதம் வெயிலில் வெந்தால் வர்ணத்தைத் தின்றுவிடும். எனவே நன்றாகக் கழுவி, முடிந்தால் மெழுகு பூசிவிடுங்கள். சக்கர வளைவுகளின் உட்புறத்தில் அப்பியிருக்கும் செம்மண்ணையும் குழாய்த் தண்ணீரால் அடித்து எடுங்கள். அது ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்துவைத்திருக்கும். கழுவிய கையோடு நிறுத்திவிடாதீர்கள். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பிரேக்கில் தங்கிய தண்ணீர் அந்தச் சூட்டில்தான் காயும்.

அந்த ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். குளிர்க்கருவியின் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் உலர்ந்துவிடும். இல்லாவிட்டால் அங்கேதான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். திரும்பி வந்து விசிறியைப் போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கும்.

உள்ளே தூசி உறிஞ்சிக் கருவியால் ஒரு சருகு, ஒரு பருக்கை இல்லாமல் எடுத்துவிடுங்கள். குழந்தை இருக்கையின் மடிப்பில் இருக்கும் பிஸ்கட் தூள்கூட எறும்பையும் எலியையும் அழைக்கும். கால்மிதிகளை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். கண்ணாடிகளைக் கூரை இல்லாத இடத்தில் முழுமையாக ஏற்றுங்கள். காற்றுக்கென்று விரலளவு திறந்துவைத்தால் ஒரே சாய்மழையில் இருக்கை நனைந்துவிடும். ஈரம் உறிஞ்சும் டப்பா கடைகளில் கிடைக்கிறது. இரண்டு மூன்று வாங்கி உள்ளே வைக்கலாம். ஆனால் அதற்குள் சேரும் நீர் உப்புநீர். கொட்டினால் உலோகத்தை அரிக்கும். ஆழமான பிளாஸ்டிக் தட்டில், சாயாத இடத்தில் வையுங்கள். அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடும் வீடுகளும் உண்டு. வாடைக்கு அது நல்லது, ஈரத்துக்கு அவ்வளவாகப் போதாது.

நறுமணக் குப்பி, சிகரெட் லைட்டர், தெளிப்பான் டின், பவர் பேங்க் எதுவும் காருக்குள் இருக்கக் கூடாது. மூடிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். சாலைக் கட்டணத்துக்கான டச் அன் கோ அட்டையையும் ஆவணங்களையும் எடுத்துவிடுங்கள்.

உறை பற்றி ஒரு சொல். கித்தானைப் போர்த்திக் கயிறு கட்டுவது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். கித்தானுக்கு அடியில் ஈரம் வெளியேற வழியில்லை, காருக்கு ஆவிக்குளியல்தான். காற்றில் அது அடித்துக்கொள்ளும்போது அடியில் உள்ள மணல் வர்ணத்தைத் தேய்க்கும். காற்றோட்டம் உள்ள துணி உறை, காரின் அளவுக்குச் சரியாக, வயிற்றுப்பட்டையோடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் உறையே வேண்டாம். உறையின் மடிப்புகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். கொசு வளரும் இடம் வைத்திருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அதைவிடப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கி வந்தால் அது பெரிய பாவம்.

வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்துங்கள், அல்லது அடியில் துணியை மடித்து வையுங்கள். வெயிலில் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

டயரும் பிரேக்கும்

டயரில் எப்போதும் அடிக்கும் காற்றைவிட 30 அல்லது 40 கிலோபாஸ்கல் கூட்டி அடியுங்கள். வழக்கமான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள தாளில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஒரே இடத்தில் நிற்கும் டயர் அடியில் தட்டையாகிவிடும். கூடுதல் காற்று அதைக் குறைக்கும். உபரிச் சக்கரத்தையும் மறவாதீர்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகக் கூடாது. மழை மாதங்களில் பிரேக் கட்டை துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, ஆட்டோ கார் என்றால் ‘பி’யிலும் கியர் கார் என்றால் முதல் கியரிலும் விட்டு, ஒரு சக்கரத்தின் முன்னும் பின்னும் நல்ல கட்டை கொடுங்கள். சரிவில் நிறுத்த வேண்டியிருந்தால் வேறு இடம் பாருங்கள். பொத்தானால் இயங்கும் மின் பிரேக் உள்ள புதிய கார்களில் எஞ்சினை அணைத்ததும் அது தானாகவே பிடித்துக்கொள்ளலாம். அதை விடுவிக்கும் முறை காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்துமுடிக்க வேண்டும்.

பெட்ரோல் தொட்டியை ஏறக்குறைய நிரப்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் பெட்ரோல் கெட்டுப்போகாது. டீசல் வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசல் கலந்திருக்கிறது; அது காற்றின் ஈரத்தை இழுக்கும், தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். நிரம்பிய தொட்டியில் ஈரக்காற்றுக்கு இடம் குறைவு. எஞ்சின் எண்ணெய் மாற்றும் தவணை நெருங்கியிருந்தால் போகுமுன்பே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் நிற்கும் எஞ்சினுக்கு நல்லதல்ல. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுபவர்கள் குளிரூட்டித் திரவம் ஊற்றுங்கள். இங்கே அது உறைவதைத் தடுக்க அல்ல, துருவைத் தடுக்க.

பேட்டரி: கணக்கைப் பாருங்கள்

பூட்டி நிற்கும் காரும் மின்சாரம் குடிக்கிறது. அலாரம், சாவியை உணரும் கருவி, கடிகாரம், எஞ்சின் கணினி எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. 60 நாளில் 43. சிறிய கார்களின் பேட்டரியே 35 முதல் 45 ஆம்பியர் மணிதான். ஆக, குறை ஒன்றும் இல்லாத புதிய பேட்டரிகூட இரண்டு மாதத்தில் காலியாகிவிடும். நம் வெக்கையில் அது தானாக இழக்கும் சக்தி இதற்கு மேல். காலியான நிலையில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் கந்தகப் படிவு இறுகும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு திரும்பாது.

எனவே எதிர்முனையை, அதாவது கழித்தல் குறி போட்ட கறுப்பு முனையை, கழற்றிவிடுங்கள். பெரும்பாலான சிறு கார்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றிய வயரைத் துணியால் சுற்றி, முனையில் படாதபடி ஒதுக்கிவையுங்கள். நேர்முனையைத் தொடவே தேவையில்லை. கழற்றுவதற்கு முன் வானொலிக்குப் பூட்டு எண் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பானெட்டை மூடுங்கள். அலாரம் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும். பொத்தான் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால்தான் பிறகு கதவைத் திறக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, எந்தத் துளையில் போகிறது என்று இப்போதே ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றுக்குக் கையேடு சொல்வதே வழி.

‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுங்கள்’ என்று சாவியை அண்ணனிடம் கொடுத்துப் போகிறவர்கள் பலர். அன்பில் செய்வதுதான், ஆனால் காருக்குக் கேடு. ஸ்டார்ட் செய்யப் பேட்டரியிலிருந்து போகும் சக்தி, நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் முழுதாகத் திரும்பாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது புகைக்குழாய் வழியாக வெளியேறும். சூடேறாமல் அணைத்தால் குழாய்க்குள்ளும் எண்ணெயிலும் தங்கித் துருவாகும். அண்ணன் உண்மையாகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டிவருவார் என்றால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. அப்போது பேட்டரியையும் கழற்ற வேண்டாம். அது முடியாதென்றால் தொடாமல் விடுவதே மேல்.

எலி

செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழத்தைத் தின்ன வரும் எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள் என்றால் எவ்வளவு எலி இருக்கும் என்று பாருங்கள். மழை பெய்து வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அது உலர்ந்த இடம் தேடும். உயரமான, இருட்டான, மழை படாத உங்கள் எஞ்சின் அறை அதற்கு அரண்மனை.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழு வாரம் தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பேட்டரியை மாட்டினேன், எஞ்சின் இருமி இருமி அணைந்தது. பட்டறைத் தம்பி காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்துவிட்டு, “அண்ணே, வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். வடிகட்டியைக் குதறி மெத்தை செய்து, சுற்றிலும் செம்பனைக் கொட்டைகளை அடுக்கிவைத்திருந்தது. எஞ்சினுக்குப் போகும் வயர்க்கட்டில் மூன்று வயர்கள் அறுந்திருந்தன. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்குப் போனது. எனக்கு வலித்தது காசு மட்டுமல்ல. காரை நான் நிறுத்தியிருந்தது விறகடுக்குக்குப் பக்கத்தில். எலிக்கு நானே ஏணி வைத்துக்கொடுத்திருந்தேன்.

எலியின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, அது எதையாவது கொறித்தே ஆகும். அதனால் அதை உள்ளே வரவிடாமல் செய்வதுதான் வழி. விறகு, குப்பைத்தொட்டி, கோழித்தீவனம், நாய்ச்சோறு எல்லாவற்றிலிருந்தும் காரைத் தள்ளி நிறுத்துங்கள். சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியின் வாயிலும் விசிறிக் காற்று உள்ளே போகும் வழியிலும் மெல்லிய துருப்பிடிக்காத கம்பிவலையை வெட்டிச் செருகுங்கள். புகைக்குழாயின் வாயைத் துணியால் அடைக்கலாம், குளவியும் உள்ளே கூடு கட்டாது. அப்படி அடைத்தால் ‘புகைக்குழாயில் துணி, காற்றுப்பெட்டியில் வலை’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அந்துருண்டை வைத்தால் எலி வராது என்பார்கள். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாடை காருக்குள் மாதக்கணக்கில் தங்கியது, எலி தங்குவது நிற்கவில்லை. விஷம் வைக்கவே வேண்டாம். அது எஞ்சினுக்குள்ளேயே செத்து நாறும், அல்லது தின்ற எலியைப் பிடித்த பக்கத்து வீட்டுப் பூனை சாகும். எலி இருக்கும் இடத்துக்கு நாகமும் வரும் என்பதால், பல வாரம் நின்ற காரின் பானெட்டைத் திறக்குமுன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சற்று நின்று, பிறகு திறவுங்கள்.

தாளும் சாவியும்

சாலை வரியும் காப்புறுதியும் நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் முடிகின்றனவா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் பாருங்கள். முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம். முழுக் காப்புறுதி எடுத்தவர்கள்கூட வெள்ளம் அதில் அடங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாக அடங்காது. இயற்கைப் பேரிடருக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். நவம்பருக்கு முன் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். புறப்படும் நாளில் காரை நான்கு புறமும், ஓடிய தூரம் காட்டும் எண்ணையும் படம் எடுத்துவையுங்கள்.

சாவியை யாரிடம் கொடுப்பது? உறவு நெருக்கத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். தினமும் அந்த வழியாக நடக்கிறவர் யார் என்று பாருங்கள். எனக்கு எதிர்வீட்டு அக்கா. காலையில் கோயிலுக்குப் போகும்போது உறை விலகியிருக்கிறதா, டயர் இறங்கியிருக்கிறதா, அடியில் சருகு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவேன்: “அக்கா, வெள்ளம் ஏறி வடிந்தாலும் காரை ஸ்டார்ட் செய்ய யாரையும் விட வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள், இழுவை வண்டி வரட்டும்.” தண்ணீர் புகுந்த எஞ்சினை ஒருமுறை சுழற்றினால் போதும், பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். கழுவிக் காயவைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய கார் அதோடு முடிந்துவிடும்.

திரும்பி வந்த நாள்

விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில், இரவில், காரை எடுக்காதீர்கள். மறுநாள் பகலில் செய்யுங்கள். உறையை எடுக்குமுன் அதன்மேல் உள்ள சருகையும் தண்ணீரையும் தள்ளிவிடுங்கள். ஸ்டீயரிங்கில் கட்டிய தாளைப் படித்து, துணியையும் வலைகளையும் எடுங்கள். பானெட்டைத் தட்டித் திறந்து, வடிகட்டிப் பெட்டிக்குள் பாருங்கள், வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய், குளிரூட்டி, பிரேக் திரவ அளவுகளைப் பாருங்கள். காரின் அடியில் ஈரத்திட்டு எதுவும் உண்டா என்று குனிந்து பாருங்கள்.

பேட்டரி முனையை மாட்டுமுன், கையில் மீட்டர் இருந்தால் அளந்துகொள்ளுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.4க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் ஆனாலும் சார்ஜ் செய்துவிடுவது நல்லது. ஸ்டார்ட் ஆன பிறகு முதல் சில நிமிடம் எஞ்சின் ஒழுங்கற்று ஓடலாம், கணினி மறந்ததை மீண்டும் கற்றுக்கொள்ளும் நேரம் அது. கதவுகளைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டு வெளியில் நில்லுங்கள், அந்த முதல் காற்றை மூச்சில் இழுக்க வேண்டாம்.

கட்டைகளை எடுத்து, வாசலிலேயே இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வரும். தட்டில் படிந்த மேல்துரு அது, சில நூறு மீட்டரில் தேய்ந்துவிடும். சக்கரம் அசையவே மறுத்தால் வேகம் கொடுத்து இழுக்காதீர்கள், பட்டறைக்காரரை வீட்டுக்கு அழையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், மெதுவாக எண்ணெய் நிலையம்வரை ஓட்டிச் சென்று, டயரில் கூடுதலாக அடித்த காற்றை இறக்கி வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து அப்படியே நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஊரிலிருந்து வாங்கிவந்த குங்குமத்தையும் புடவையையும் கொடுத்துவிட்டு, அவரிடம் விட்டுப்போன மாற்றுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.